பக்கத்து இருக்கையின் பம்ப்

பழைய பந்தயக் கார் புறப்படும்போது அதன் பின்னால் நின்று நன்றாக மூச்சை இழுத்தால் வயிறு சுத்தமாகும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெயில் செய்த ஆயில்தான் ஊற்றுவார்கள். அது சூடேறிப் புகையாக வரும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. எங்கள் மலைப் பந்தயத்தில் முதல் வளைவில் நின்று வேடிக்கை பார்த்த தபால்காரர் ஒருவருக்குப் பதினேழு வருட மலச்சிக்கல் அன்றைக்கே தீர்ந்தது. அடுத்த வருடம் குடும்பத்தோடு வந்து அதே இடத்தில் நின்றார். விசாரித்துப் பாருங்கள், அவரே சொல்வார்.

ஸ்டேஷனில் பேனாவும் காகிதமும் கொடுத்தபோது நீங்கள், "சுருக்கமா எழுதுங்க டாக்டர், நடந்தது மட்டும் போதும்" என்றீர்கள். நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஆனால் காரைப் பற்றிச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னால், வாயைத் திறக்காமல் பல்வலி சொல்லும் நோயாளி மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட நோயாளிகளோடு நாற்பத்தாறு வருடம் மல்லுக்கு நின்றவன் நான்.

கார் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன், குளியலறை டைல்ஸ் கடைக்காரர். காரை நிறுத்தியிருந்த ஷெட் என்னுடையது, கிளினிக்குக்குப் பின்புறம் இருக்கிறது. கடையில் இடம் போதாத டைல்ஸ் பெட்டிகளையும் மச்சான் அங்கேதான் அடுக்கியிருந்தார். அதற்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு பேர் உட்காரும் கார். கூரை இல்லை, கதவு இல்லை, முன்கண்ணாடி என்று பேருக்கு உள்ளங்கை அகலம். உடம்பெல்லாம் அலுமினியத் தகடு. யாரோ ஒரு மனிதர் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு தட்டும் தெரியும்; நடுவில் ஓரிடத்தில் அவருக்குத் தும்மல் வந்திருப்பதுகூடத் தெரியும். ஒவ்வொரு சக்கரத்திலும் எழுபத்திரண்டு கம்பிகள். கார்புரேட்டரின் ஊசித் துளைகளை என் பல் குடையும் கருவிகளால்தான் சுத்தம் செய்வேன். நோயாளி காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

பின்பக்கம் கூம்பிப்போகும் வாலுக்குள் பெட்ரோல் டாங்க். அது எஞ்சினைவிடத் தாழ்வில் இருப்பதால் பெட்ரோல் தானாக முன்னால் வராது. டாங்குக்குள் காற்றை அடித்து, அந்த அழுத்தத்தில் தள்ள வேண்டும். அதற்காக ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து, பித்தளைக் கைபம்பை மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை அடித்துக்கொண்டே போக வேண்டும். நிறுத்தினால் அழுத்தம் காட்டும் முள் இறங்கும், எஞ்சின் இருமும், வேகம் போகும். முப்பத்தொரு வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்தவன் நான்.

"மாப்ள, காத்து" என்பார் மச்சான். வளைவுக்கு வளைவு சொல்வார். "என்ன மாப்ள, சாப்பிட்டுத்தானே வந்தீங்க? நல்லா அடிங்க." மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. எப்போதும் 'நீங்க'தான்.

எனக்கு ஓட்டும் ஆசை இருந்ததில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவை, சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "நீங்க ஓட்டினா பம்ப் யாரு அடிக்கிறது மாப்ள? நானா?" என்று சொல்லிக் கடை ஊழியர்கள் அத்தனை பேரும் பார்க்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்றேகால் மணி, அவர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார் என்பதெல்லாம் எனக்கு நினைவே இல்லை.

என் மனைவிதான் அவ்வப்போது சீண்டுவாள். "உண்மையச் சொல்லுங்க, எங்கண்ணன் வண்டியப் பாத்துட்டுத்தானே என்னைக் கட்டிக்கிட்டீங்க?" என்பாள். கொஞ்சம் யோசித்து, இல்லை என்பேன். யோசித்திருக்கக் கூடாது என்று அவள் இரண்டு நாள் பேச மாட்டாள்.

போன மாதம் மச்சான் ஷெட்டுக்கு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கையில் அளவு நாடா இருந்தது.

"மாப்ள, ஒரு யோசனை. இந்த வண்டிய ரெண்டா வெட்டிடலாம்னு இருக்கேன்."

"என்ன மச்சான்?"

"முன்பாதிய ஷோரூம் சுவத்துல பதிக்கிறோம். மூக்குல குழாய் வரும். பானட்டத் தூக்கிட்டு அங்க வாஷ்பேசின். வர்றவன் வாயப் பொளந்துருவான்ல?"

"எஞ்சின்?"

"எடைக்குப் போட்டுருவோம்."

"வாலு?"

"அதுல செடி வைக்கணும்னு உங்க தங்கச்சி ஆசப்படுறா." தன் மனைவியை என்னிடம் அப்படித்தான் சொல்வார்.

நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "பல்லு பிடுங்குன காசுலயா மாப்ள?" என்றார். காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். வெல்டரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது, முந்தின நாள் ஞாயிறு பழைய கார்களின் மலையேற்றம் வருகிறது, கடைசியாக ஒரு தடவை ஏற்றி இறக்கிவிடலாம் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். "நீங்களும் கடைசியா ஒரு தடவை ஆசை தீர அடிச்சுக்கோங்க."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இந்தக் காரைச் சாவியால் கிளப்ப முடியாது. மூக்குக்கு அடியில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எப்போதும் நான்தான் சுற்றுவேன். அன்றைக்கு மலையடிவாரத்தில் போட்டோகிராபர் காத்திருந்தார். மச்சான் கைப்பிடி சுற்றுகிற மாதிரி ஒரு படம், வாஷ்பேசினுக்கு மேலே மாட்டுவதற்கு. அதற்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று தானே முன்னால் போய் நின்றார். அதனால் நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டியதாயிற்று. இருக்கை என் முதுகுக்குக் கச்சிதமாக இருந்தது.

இந்தக் கார்க்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. கைப்பிடியைத் தொடும் முன் முன்னால் நிற்பவர் கேட்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். முதலில் ஸ்பார்க் லீவர்; அது முன்னால் இருந்தால் கைப்பிடி எதிர்த்து அடித்து மணிக்கட்டு முறியும். அடுத்தது கியர்; அது எதிலும் விழாமல் காலியாக இருக்க வேண்டும். பதில் வந்துவிட்டால் யாரும் எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பதில்லை. அப்படிப் பார்ப்பது உட்கார்ந்திருப்பவரைச் செருப்பால் அடித்த மாதிரி.

"லீவர்?" என்றார் மச்சான்.

"பின்னால இருக்கு." அது உண்மை.

"கியர்?"

"காலி மச்சான்."

அது உண்மை இல்லை. முதல் கியரில் இருந்தது. போட்டவன் நான். கிளட்சை மிதித்துக்கொண்டிருந்ததால் எஞ்சின் தடையில்லாமல் சுற்றியது, அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மூன்றாவது சுற்றில் பற்றிக்கொண்டது. குளிர்ந்த எஞ்சின் முதன்முதலாக உயிர் பிடிக்கும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே இன்னொரு பிறவி எடுக்கலாம். அதைக் கேட்டு முடித்துவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

கார் நாலடி பாய்ந்தது. மச்சானுக்குப் பின்னால் டைல்ஸ் பெட்டிகள். ஒரு டைல்கூட உடையவில்லை. நல்ல சரக்காகத்தான் வாங்கியிருந்தார். அவருடைய இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே உடைந்தன. நான் காரைப் பின்னால் எடுத்து, இறங்கிப் போய் ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்புறம் மச்சானைப் பார்த்தேன்.

"மாப்ள... காலின்னீங்களே மாப்ள."

"தப்பாச் சொல்லிட்டேன் மச்சான்."

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க."

"போன் எதுக்கு? வண்டிதான் ஓடிட்டிருக்கே."

எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பி ஷெட்டில் இருந்தது. எஞ்சின் நூற்றறுபது கிலோ, மச்சான் தொண்ணூற்று நான்கு. கப்பிக்கு அது பஞ்சு. மெதுவாகப் பக்கத்து இருக்கையில் இறக்கி, கால்களுக்கு மேல் போர்வை போர்த்தி, தோல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிவிட்டேன். வலி தாங்காமல் கத்தினார். மனசு கேட்கவில்லை. கிளினிக்குக்குள் போய் மரப்பு ஊசி எடுத்து வந்து போட்டேன். நாற்பத்தாறு வருடமாக என் கைக்குப் பழகிய இடம் ஒன்றே ஒன்றுதான், கீழ்த்தாடை. கால் மரத்ததா தெரியாது. நாக்கும் உதடும் மரத்துப்போயின.

ஷெட்டிலிருந்து இடது பக்கம் திரும்பினால் ஏழு நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரி. வலது பக்கம் மலை. ஏன் வலது பக்கம் திரும்பினீர்கள் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கமும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. சின்னதுதான், ஆனால் இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை.

மலையடிவாரத்தில் போட்டோகிராபர் எங்களைப் படம் எடுத்தார். அது உங்கள் கோப்பில் இருக்கிறது. மச்சான் கொஞ்சம் வெளுத்துத் தெரிவார், நான் நன்றாக விழுந்திருக்கிறேன். கொடி பிடிப்பவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், இன்னைக்கு இடம் மாறி உக்காந்துட்டீங்க? மாப்பிள்ளைக்கு வாழ்வுதான்" என்றார். மச்சான் என்னவோ சொன்னார். அது "ஆப்பி... ஆப்பி..." என்று வந்தது.

"என்ன சொல்றாரு?"

"ஹாப்பியாம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கொடியை வீசினார்.

"மச்சான், காத்து" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆஸ்பத்திரி மேலதான் இருக்கு. எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீங்களோ அவ்வளவு சீக்கிரம்."

அடித்தார் ஐயா. அவரைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். முதல் வளைவிலிருந்து பதினொன்றாவது வளைவு வரை முள் இறங்கிச் சிவப்புக் கோட்டைத் தொடவே இல்லை. மூன்றாம் கியரில் கார் பாடியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வானம், நடுவில் விளக்கெண்ணெய் வாசனை. வளைவில் வால் வழுக்கும்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் கொடுத்தால் கார் தானே சமாளித்துக்கொள்ளும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. என் கைக்கு அது தெரிந்திருந்தது. நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பருந்தைத் தாண்டினோம். அது திரும்பிப் பார்த்தது.

பன்னிரண்டாவது வளைவில் எஞ்சின் இருமியது. பக்கத்தில் பார்த்தேன். மச்சானின் கை பம்பின் மேல்தான் இருந்தது, ஆனால் அசையவில்லை. தலை என் தோளில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம் அவர் கையின் மேலேயே என் இடது கையை வைத்து, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் எங்கள் இருவர் கையையும் சேர்த்து அடித்து உச்சிக்கு வந்து சேர்ந்தேன்.

உச்சியில் பந்தய டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, ரத்தம் முழுக்கப் போய்விட்டது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்றார். அந்தக் கணக்கில் நான் தலையிடவில்லை. கியரைப் போட்டது நான், காலியென்று சொன்னது நான், வலது பக்கம் திரும்பியது நான். கையெழுத்துப் போடுகிறேன். கார் இப்போது உங்கள் காவலில் முழுசாக இருக்கிறது, அதனால் வெல்டர் கை வைக்க முடியாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்னும் ஒரே ஒரு விவரம், ஆவணம் முழுமையாக இருக்கட்டும் என்பதற்காக. அந்த மலையில் அந்தக் காருக்கு மச்சானின் சாதனை ஆறு நிமிடம் இரண்டு விநாடி. என்னுடையது ஆறு நிமிடம் ஒன்பது விநாடி. பன்னிரண்டாவது வளைவில் அவர் பம்பை நிறுத்தியதால் போனது எட்டு விநாடி. கழித்தால் நான் ஒரு விநாடி முந்தி. அதற்காக மச்சானை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் அந்த இருக்கைக்குப் புதுசு.