மில்லை நிறுத்திய ஹாஜியார்

அஸ்ஸலாமு அலைக்கும். தலைவர் அவர்களே, உலமாப் பெருமக்களே, காரைதீவிலிருந்து வந்திருக்கும் தமிழ் அன்பர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சகோதரிகளே! அக்கரைப்பற்று மர வியாபாரி மீராசாஹிபுவை ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். பலகையை அளக்கத் தெரியும்; மனிதரை அளக்கத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மை விட்டுப் போன மர்ஹூம் அல்ஹாஜ் ஸைனுலாப்தீன் அவர்கள் கல்முனையில் அரிசி மில் வைத்திருந்தார். மில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தானா? இல்லை. ஆனால் வெள்ளாமை வெட்டி நெல் குவிந்து கிடக்கும் மாதத்தில், வருடம் தவறாமல் ஒரு நாள் மில்லை நிறுத்தியவர் யார்? எவருடைய தயவும் இல்லாமல் தாமாகவே எதையாவது எழுதிக்கொண்டும் செய்துகொண்டும் இருந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டு முற்றத்தை விட்டுக்கொடுத்தவர் யார்? பந்தல், சாப்பாடு, பஸ் கூலி எல்லாவற்றையும் தன் கையிலிருந்து போட்டவர் யார்? எங்கள் ஹாஜியார்!

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் முதல் கூட்டம். நெய்ச்சோற்றுக் கிடாரம் அடுப்பில் ஏறியதைப் பார்த்த ஊர், கந்தூரி விருந்து என்று நினைத்துச் சட்டியோடு வந்துவிட்டது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வரட்டும் மீரா. திண்டுட்டுப் போற ஆள் ஒண்டையும் பாக்காமலா போகப் போறான்?" என்றார்.

மிசின் நின்ற மில்லில் கடல் கேட்டது. உமித்தூசி வெயிலில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. காரைதீவுச் சாமித்தம்பி சைக்கிள் சில்லும் தகரமும் வைத்துச் செய்த காற்றாடி, தானாகச் சுழன்று தண்ணீர் இறைத்தது. நதீரா டீச்சர் கையால் எழுதித் தைத்த கவிதைப் புத்தகம் ஒரு பாயில் இருந்தது. சோறு வாங்க வந்த மீனவர் ஒருவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே நின்றார். நானும் எங்கோ மிதப்பதுபோல் நின்றேன். எவ்வளவு நேரம் போனது? தெரியாது. விழித்துக்கொண்டுதான் இருந்தேனா? அதுவும் தெரியாது!

"இதால உங்களுக்கு என்ன கிடைக்கிது காக்கா?" என்று கேட்டேன். காக்கா என்றுதான் கூப்பிடுவேன்; கூடப்பிறக்காத மூத்த சகோதரர் அவர்.

"எனக்கு ஒண்டும் செய்யத் தெரியாது மீரா. செய்யிற ஆக்கள் கூடி இருக்கிறதப் பாக்க ஆசை."

இப்போது மில் கைமாறிவிட்டது. புதிய முதலாளி ஒரு நாளும் நிறுத்தமாட்டார். இனி எங்கே கூடுவது என்ற கேள்வி, பின்வரிசையில் இருக்கும் சாமித்தம்பியின் முகத்தில் தெரிகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்து, "எனக்குப் பொறகு இத நீ செய்வியா?" என்று கேட்டார். ஒரு நாள் முழுக்கக் கடையை மூடுவதா என்று என் வியாபார புத்தி தயங்கியது. "மொதல்ல எழும்பி வீட்ட வாங்க காக்கா, பொறகு கதைப்பம்" என்றேன். அவர் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அன்பர்களே.

வெள்ளாமை வெட்டு முடிந்து வரும் முதல் ஞாயிறு, என் மரக்காலையில் மரம் அறுக்கும் வாள் ஓடாது. முற்றம் திறந்திருக்கும். செய்கிறவர்கள் எல்லோரும் வாருங்கள். பஸ் கூலியும் சோறும் என் பொறுப்பு. அல்லாஹ் அவர் உறங்கும் கப்றை ஒளியாக்குவானாக.

காக்கா, இத்தனை பேரும் சாட்சி. ஓம். நான் செய்யிறன்.