அப்பா தோளில் போனது யார்

புத்தூரிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். நூலகத்தில் குடும்பக் கதைகளைக் குரலாகப் பதிந்து வைக்கிறார்களாம். அங்கே பேசிவிட்டுத் திரும்புகிறார்கள்.

“என் ஞாபகத்தைத் திருடிட்டியேடி! வளையலை எடுத்திருந்தாக்கூட விட்டிருப்பேன்” என்றாள் அக்காள்.

“மெதுவா பேசுக்கா. பஸ்ஸே பாக்குது.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“பாக்கட்டும். சமயபுரம் தேருக்கு அப்பா தோள்ல உக்காந்து போனது நான். நீ அப்ப பொறக்கவே இல்ல. மைக்குல நீ போனதாச் சொல்ற!”

“ஏதோ ஆசையில வாயில வந்துடுச்சு.”

“நான் மாமா வீட்ல வளந்தவ. அப்பான்னு எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். நீ கடைசி வரைக்கும் அவர்கூடவே இருந்தவ. உனக்கா கதை இல்ல?”

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது.

“கூட இருந்தேன், சோறு போட்டேன். அவரு தினமும் சொன்னது உன்னைத் தூக்கிட்டுப் போன கதையைத்தான். என்னை ஒரு நாளும் தூக்கினதில்லக்கா.”

“இருந்தாலும், நாளைக்கே போய் அதை அழிக்கச் சொல்லிடு.”

“சொல்லிடறேன். இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இருக்கட்டும்.”