பின்கழுத்துக் கொக்கிகள்

சிவப்பு உடை காய்வதற்குத்தான் அதிக நேரம் ஆகும். நீலத்தையும் மஞ்சளையும் வெயிலில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். சிவப்பை அப்படிப் போட முடியாது, சாயம் வெளுத்துவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில் மாட்டி, மின்விசிறி வைக்க வேண்டும். உங்கள் போலீஸ் ஆட்கள் வந்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்தேன். யாராவது விசிறியை நிறுத்தாமல் இருந்தால் நல்லது. ஈரத்தோடு மடித்தால் நாற்றம் போகாது.

தேநீருக்கு நன்றி. பார்லித் தேநீர் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

என் பெயர் ஓனுகி. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகள் பார்க்கும் "விடியல் படை" தொடரில் சிவப்பு வீரனின் உதவியாளன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். பெட்டிச் சாப்பாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்த்தேன், சோற்றின் மேல் ஊறுகாய்ப் பழம் வைக்கும் வேலை. பிறகு சண்டைப் பயிற்சிக் குழுவில் சேர்ந்தேன். உயரத்திலிருந்து குதிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன் என்பதால் அங்கிருந்தும் அனுப்பிவிட்டார்கள். அப்போது தொகாஷி அண்ணன்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். சிவப்பு உடைக்குள் இருந்தவர் அவர். அவர் நல்ல மனிதர். இதை நான் மறுக்கப் போவதில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், ஒரு வீரனுக்கு இரண்டு ஆள். முகம் தெரியும் காட்சிகளில் குசுமி என்ற இளைஞன் நடிப்பான். உருமாறிய பிறகு உடைக்குள் தொகாஷி அண்ணன். குரலும் குசுமியுடையதுதான். படம் பிடித்து முடித்த பின், டப்பிங்கில் சேர்ப்பார்கள். அதனால் படப்பிடிப்பின்போது முகமூடிக்குள் என்ன சத்தம் கேட்டாலும் யாரும் காது கொடுப்பதில்லை. உள்ளே இருப்பவர் நேரம் பிடிப்பதற்காக வசனத்தைத் தானே கத்திக்கொள்வார். வெளியே அது தலையணைக்குள் பேசுவதுபோல் கேட்கும். அது வழக்கம்.

தொடரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

முதல் பகுதி வந்தபோது நான் தனியாக அறையில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பேர். ஒவ்வொரு முறை உருமாறும்போதும், அவர்களை அறிந்த யாராவது ஒருவர் அவர்களை மறந்துவிடுவார். அதுதான் விலை. முதல் சண்டை முடிந்து சிவப்பு வீரன் வீட்டுக்குப் போகிறான். கதவைத் திறந்த தாய் "யாருப்பா வேணும்?" என்று கேட்கிறாள். அவன் "வீடு மாறி வந்துட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லித் தலை குனிந்துவிட்டுப் போகிறான். குழந்தைகள் தொடரில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆறாவது பகுதிக்குள் அதை எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். பொம்மைக் கம்பெனிக்கு ராட்சத இயந்திரங்கள் வேண்டும், வாரத்துக்கு ஒன்று. அரக்கர்கள் நூடுல்ஸ் சட்டியாகவும் குளியல் தொட்டியாகவும் வந்தார்கள். மறந்த தாயைப் பற்றி யாரும் பேசவில்லை. உருமாறுவதற்கு விலையே இல்லாமல் போனது. கணினியில் செய்த வானம் ஈரச்சுவர் மாதிரி இருந்தது. ஆனாலும் அந்த முதல் பகுதி உள்ளே எங்கோ இருந்தது. கொஞ்சம் தோண்டினால் போதும் என்று தோன்றியது.

தொகாஷி அண்ணன் பழைய பாணி ஆள். நெஞ்சை நிமிர்த்தி, கையை விரித்து, தோற்கும் காட்சியிலும் ஜெயித்தவர் மாதிரி நிற்பார். இயக்குநர் ஹனவா ஒருநாள் திரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"ஓனுகி, இந்த ஆளு எதையும் இழந்த மாதிரியே தெரியலையே. உடம்புல ஒரு பாரம் வேணும்யா. எங்க போய் வாங்குறது அதை?"

நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் உடையில் ஒரு வேலை இருந்தது. தையல் பார்க்கும் உமேஸாவா அக்காவிடம் கொண்டு போனேன். கையைத் தூக்கும்போது கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் தோல் தெரிகிறது, சட்டைக் கையைக் கொஞ்சம் நீட்டிக்கொடுங்கள் என்றேன். இடுப்பையும் தோளையும் தளர்த்தச் சொன்னேன்.

"ஏண்டா, உங்க அண்ணன் என்ன கேக்குக் கடை வெச்சிருக்காரா?" என்றார் அக்கா. "நாப்பது தாண்டினா எல்லாருக்கும் இதே கதைதான். போன தடவை இழுத்துப் பிடிச்சுத் தெச்சேன், இப்போ பிரிக்கச் சொல்றே."

"வெயில் வருதுல்ல அக்கா. காத்து போகட்டும்னுதான்."

"காத்து போகட்டுமா. அவருக்கா, உனக்கா? உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

அக்கா எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

உடையைப் போட்டுப் பார்த்த தொகாஷி அண்ணன் கையை உதறினார். "என்னடா இது, தொளதொளன்னு இருக்கு. மணிக்கட்டுல சுருங்குது பாரு. யாரோட சட்டையையோ போட்ட மாதிரி இருக்கு."

"துவைச்சா சரியாயிரும் அண்ணே."

அவர் என்னை நம்பினார். உடைக்குள் போகிறவர் தன் உதவியாளனை நம்பித்தான் ஆக வேண்டும். முகமூடியின் இரண்டு கொக்கிகளும் பின்கழுத்தில் இருக்கின்றன. தடித்த கையுறை போட்ட கையால் அவற்றைத் திறக்க முடியாது. மூச்சு முட்டினால், தொடையில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுவார். நான் ஓடிப்போய்த் திறப்பேன். வேறு ஒருவருக்கும் அந்த சைகை தெரியாது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சைகை. நாங்கள் வைத்துக்கொண்டது அது.

முகமூடி இரண்டு வகை. சண்டைக்கு ஒன்று, கண் பகுதியில் கீறல்போல் துவாரங்கள் இருக்கும், காற்றும் கொஞ்சம் போகும். அருகில் வைத்துப் படம் பிடிக்க இன்னொன்று. துவாரமே இல்லாமல் கண்ணாடிபோல் பளபளக்கும். உள்ளிருந்து எதுவும் தெரியாது. அதைச் சில நொடிகளுக்கு மேல் போட்டுவைப்பதில்லை. அதன் முகப்பில் எதிரே இருப்பதெல்லாம் பிரதிபலிக்கும் என்பதால், நாங்கள் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, கறுப்புத் துணிக்குள் ஒளிந்துகொள்வோம். உதவியாளன் பிம்பத்தில் விழுவதுதான் இந்தத் தொழிலிலேயே பெரிய அவமானம்.

ஆகஸ்டில் பழைய கல்குவாரியில் படப்பிடிப்பு. சிவப்பு வீரன் தோற்று, மண்டியிட்டுக் கிடந்து, எழுந்து, கேமரா வரைக்கும் நடந்து வர வேண்டும். ஹனவா அதை வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுக்க ஆசைப்பட்டார். முடிவில் முகம் மிக அருகில் வரும். சண்டை முகமூடியோடு வந்தால் துவாரங்கள் தெரிந்துவிடும்.

பளபளப்பானதையே முதலிலிருந்து போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

"கண்ணு தெரியாம நடப்பாரா?" என்றார் ஹனவா.

தொகாஷி அண்ணன் சிரித்தார். "நான் கண்ணு தெரிஞ்சு நடந்ததே கம்மி. பொண்டாட்டி கிட்ட கேளுங்க." எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சள் உடைக்குள் இருக்கும் ரிட்சுகோ மட்டும் "அண்ணே, ஐஸ் உள்சட்டை போட்டுக்குங்க, வெயில் சரியில்லை" என்றாள். நெஞ்சில் கோடு தெரியும், வேண்டாம் என்று நான் சொன்னேன். அது உண்மைதான். கோடு தெரியும்.

முதல் டேக் சரியாகத்தான் போனது, ஆனால் அவர் வழக்கம்போல் நிமிர்ந்து நடந்தார். இரண்டாவது டேக்கில் மேகம் வந்தது. மூன்றாவதில் இடுப்பிலிருந்த பொம்மை விளக்கு எரியவில்லை. விளக்கைச் சரிசெய்யும் வரை எல்லோரும் நிழலுக்குப் போனார்கள். அவர் கல்லின் மேல் உட்கார்ந்தபடி தொடையில் இரண்டு முறை தட்டினார்.

நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். முகமூடிக்குள் ஏதோ சொன்னார். நிமிர்ந்து ஹனவாவிடம் சொன்னேன்: "அண்ணன் அப்படியே இருக்கேங்கிறார். கழட்டிப் போட்டா மூடு போயிருமாம்."

"பெரிய ஆளுய்யா," என்றார் ஹனவா.

அண்ணன் மறுபடி தட்டினார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் அமைதியானார். கொக்கியைத் திறக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

நான்காவது டேக்கில் அது வந்தது. அவர் எழுந்தபோது முழங்கால் நடுங்கியது. தோள் தொங்கியது. ஒவ்வொரு அடியையும் எங்கே வைப்பது என்று காலே தேடியது. உருமாறியதற்கு விலை கொடுத்தவன் ஒருவன் நடந்து வருகிறான் என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது. தாய் மறந்துபோனவன். முதல் பகுதியில் பார்த்தவன். நடந்துகொண்டே தொடையில் தட்டினார், தட்டிக்கொண்டே வந்தார். ஹனவா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அண்ணன் கேமராவின் எதிரே வந்து நின்றார். தலையை இரண்டு முறை ஆட்டினார். பிறகு விழுந்தார்.

நான் கொக்கிகளைத் திறந்தேன். மெதுவாகத் திறந்தேன் என்று ரிட்சுகோ சொல்லியிருக்கிறாள். அவசரத்தில் கொக்கி வளைந்துவிடும், அதனால் மெதுவாகத்தான் திறக்க வேண்டும்.

அவர் அன்று மாலை மருத்துவமனையில் இறந்தார். உடல் சூடு இறங்கவே இல்லை. சாவுக்குக் காரணம் வெயில் என்று எழுதினார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா பக்கத்துல நீயாவது இருந்தியே" என்று சொன்னார். நான் தலை குனிந்தேன்.

அந்தப் பகுதியை ஒளிபரப்புவதா என்று பெரிய விவாதம் நடந்தது. ஒளிபரப்பினார்கள். இறுதியில் கறுப்புத் திரையில் அவர் பெயரைப் போட்டார்கள். தலையில் முகமூடியோடு வாழ்ந்த ஆளின் பெயரை அன்றுதான் நாடு படித்தது. தொடர் பார்ப்பதை நிறுத்தியிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். கதாசிரியர்கள் தாயின் கதையை மறுபடி எடுத்தார்கள். இன்று அது நல்ல தொடர். போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஒளிபரப்புக்கு முன், டப்பிங்கில் குசுமி என்னை அழைத்தான். வாயசைவு இல்லாத முகத்துக்குக் குரல் கொடுப்பவன் உடம்பைப் பார்த்துத்தான் பேசுவான்.

"ஓனுகி அண்ணே, இங்க தலையை ஆட்டுறார் பாருங்க. ஸ்கிரிப்ட்ல இங்க வசனமே இல்லையே. தொகாஷி சார் என்ன சொல்றார்?"

"மூச்சு வாங்குறார். நீயும் மூச்சு வாங்கு."

அவன் வாங்கினான். நன்றாகவே செய்தான். ஆனால் அந்த மூச்சு சரியாகப் பொருந்த வேண்டும் என்று கடைசி நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறான். அப்போதுதான் பளபளப்பு முகப்பில் என்னைப் பார்த்திருக்கிறான், அதைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறான். கேமராவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறேன். கையில் தண்ணீர் பாட்டில். அவர் தட்டும் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பிம்பத்தில் விழுந்ததில்லை. அன்று குனிய மறந்துவிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது அந்த நடை.

அவர் திறக்கச் சொன்னார். நான் திறக்கவில்லை. திறக்கச் சொல்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொன்னேன். இதை நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

ஆனால் நீங்கள் கேட்ட அந்த இன்னொரு கேள்வி தவறானது. பொறாமை என்றீர்கள். அவர் இடம் எனக்கு வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. குதிக்கும்போது கண்ணை மூடுகிறவனுக்கு அந்த இடம் எதற்கு? எல்லாமே தொடருக்காக. படப்பிடிப்பு மறுபடி தொடங்கியபோது சிவப்பு வீரனின் ஒவ்வொரு அசைவும் அறிந்த ஆள் நான் ஒருவன்தான் இருந்தேன், அதனால் ஹனவா உடைக்குள் வரச் சொல்லிக் கேட்டார், அதனால் ஒப்புக்கொண்டேன். முகமூடிக்குள் கண்ணை மூடினால் வெளியே தெரியாது என்பதும் அங்கே போன பிறகு தெரிந்தது.

முதல் நாள் உமேஸாவா அக்கா குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, அளவு நாடாவோடு வந்தார். நான் தொகாஷி அண்ணனைவிட உயரம், தோளும் அகலம். உடையோடு நின்ற என்னை அக்கா சுற்றி வந்தார். தோளைத் தொட்டார். இடுப்பைப் பிடித்துப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், மணிக்கட்டில் தோல் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டார். ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.