மற்றவர்களும் வரலாம்

“கோயில்ல எனக்குப் புதுப் பேரு வச்சிருக்காங்க. ‘மற்றவர்கள்’.”

மலேசியாவில், கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில், பெண்கள் பெட்டியில், எதிர் சீட்டு அக்கா சொன்னார். நெற்றியில் திருநீறு மட்டும். கேட்டுக்கொண்டிருந்தவள் ஆபீஸ் டேக் மாட்டிய இளம்பெண். நான் போனைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

“விளக்கு பூஜைக்கு மைக்ல ‘சுமங்கலிகள் முன்னுக்கு வாங்க’ம்பாங்கல்ல? எங்க வீட்டுக்காரர் தவறினதுலேர்ந்து நான் பின்னாலதான். ‘பெண்கள் எல்லாரும் வாங்க’ன்னு சொன்னா என்னன்னு கமிட்டில கேட்டேன்.”

“அதுக்கு?”

“வாட்சாப் குரூப்ல ஒரே சண்டை லா. இன்னிக்கு வார்த்தைய மாத்துவாங்க, நாளைக்கு சாமியையே மாத்துவாங்களாம். எழுதினதெல்லாம் பொம்பளைங்கதான். என் கூடப்பிறந்த தங்கச்சி அதுக்கு லைக் போட்டா.”

“கடைசில?”

“ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. நேத்து மைக்ல, ‘சுமங்கலிகளும் மற்றவர்களும் வரலாம்’னாங்க.”

“போனீங்களா?”

“எப்படிப் போறது? யாரு அந்த மற்றவர்கள்னு கூட்டமே திரும்பிப் பார்த்துச்சு. தூணுகிட்ட நாங்க நாலு பேரு. ஒருத்தியும் எழுந்திருக்கல.”

“அடுத்த வருஷம் மறுபடி கேளுங்கக்கா.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் கேட்காத வரைக்கும் எங்களை யாரும் திரும்பிப் பார்க்கலம்மா. அப்பல்லாம் பின்னால உக்காந்து, சாமியையாவது கும்பிட்டுட்டு வந்தோம்.”