ஞாயித்துக்கிழமை ரேசுக்கு ஒரு கார்டு

— தொடாதே! கைய எடும்மா மொதல்ல. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியத் திறக்கறதா இருந்தா என் கண்ணு முன்னாடி, இந்த மேஜை மேல வச்சுத் திறக்கணும். உள்ள கொண்டுபோற சோலியெல்லாம் என்கிட்ட வேணாம்.

— ஐயா, உள்ளன்னா சுரங்கமா? அந்தத் தடுப்புக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கும்.

— இந்த வெளிச்சமே போதும். போன வருஷம் ஒருத்தன்கிட்ட மிக்சிய ரிப்பேருக்குக் குடுத்தேன். திரும்பி வந்தப்ப சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. மோட்டார மாத்திட்டான்.

— மாத்தலம்மா, ரிப்பேர் பண்ணினா சத்தம் மாறத்தானே செய்யும்? நீ இவர் பேச்சக் கண்டுக்காத. நாப்பத்தோரு வருஷமா குடும்பம் நடத்தறேன், இன்னமும் நான் காபி கலக்கறப்ப பக்கத்துல வந்து நின்னு பாப்பாரு.

— நீ செத்த சும்மா இரு. இந்தாம்மா, மூடியில நாலு ஸ்குரூ இருக்கு. கழட்டி, எண்ணி, என் கையில குடு.

— ஒண்ணு... ரெண்டு... மூணு. நாலாவது இல்லையே ஐயா, அந்த ஓட்டை காலியா இருக்கு.

— ம். அது என் சட்டைப்பையில இருக்கு. நீ ஆமாஞ்சாமி போட்டு நாலுன்னு சொல்றியான்னு பாக்கத்தான் வீட்டுலயே கழட்டிட்டு வந்தேன்.

— அம்மா, நீங்க எப்படித்தான் இவர்கூட...

— கேக்காத கண்ணு. ஆரம்பிச்சா உன் கடைய மூட நேரமாயிடும்.

— சரி, சொல்லுங்க ஐயா. திரையில படம் ஓட்டற கிராபிக்ஸ் கார்டு கேட்டீங்களே, எதுக்கு? படம் பாக்கவா, டிசைன் வேலைக்கா, கேமுக்கா?

— எதுக்கா இருந்தா உனக்கென்ன? நல்ல கார்டா வேணும், விலை கம்மியா வேணும். புதுசு வேணாம். புதுசுன்னு சொல்லிப் பழசத்தான் தள்ளிவிடுவீங்க. அதுக்குப் பழசையே பழசுன்னு சொல்லிக் குடுத்துடு.

— எதுக்குன்னு தெரிஞ்சாத்தானே எதுன்னு சொல்ல முடியும்?

— ...ரேசு.

— என்னது?

— கார் ரேசும்மா! வாய் விட்டுச் சொல்ல வெக்கம் அவருக்கு. பேத்தி அவ ஊர்ல இருந்து ஓட்டுவா, இவரு இங்கருந்து ஓட்டுவாரு. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு. முப்பது வருஷம் ரோடு ரோலர் ஓட்டின மனுஷனுக்கு இப்பத்தான் ரேசு கேக்குது.

— ரோடு ரோலரா?

— ஏன், சிரிப்பா வருதா? நான் உருட்டிக் குடுத்த ரோட்டுல வந்துதான் நீ கடையத் திறந்திருப்பே. ஒன்பது வயசுப் பொடிசு, என்னைத் தாண்டிப் போறப்ப ஹாரன் அடிக்கறாம்மா. 'ஆமை தாத்தா, ஓரம் போ'ங்கறா. நான் என்ன பண்ணுவேன்? திருப்பினா வண்டி திரும்பணும்ல? நான் திருப்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சதுக்கப்புறம்தான் அது திரும்புது. நான் முட்டினதுக்கப்புறம்தான் திரையில சுவரே வருது.

— படம் விட்டு விட்டு வருது. சரி, மூணு கார்டு காட்டறேன். இது சின்னது. விலை கம்மி, கரெண்டும் கம்மியாத்தான் குடிக்கும். இது நடுத்தரம். ரேசுக்கு நல்லாவே போதும், ஆனா உங்க பெட்டியில இருக்கற பவர் சப்ளை தாங்குமான்னு பாக்கணும். இந்தப் பெருசு, பிரமாதமா இருக்கும்.

— அப்ப அதையே போடு.

— போடலாம். பெட்டிய ரம்பத்தால அறுத்து நீளமாக்கிட்டு வாங்க, போட்டுடலாம்.

— நக்கலு. அந்த நடுத்தரத்தக் குடு, பாப்போம்.

— ஐயோ, என்ன ஐயா, மோந்து பாக்கறீங்க?

— கருகின மோட்டார மூக்கு காட்டிக்குடுத்துடும். இது எவன் வீட்டுல கெடந்துச்சு? ராப்பகலா ஓட்டித் தேய்ச்சதா? விலை கம்மின்னா கம்மிக்கு ஒரு காரணம் இருக்குமில்ல?

— ஒரு காலேஜ் பையன் பெருசு வாங்கிட்டு இத வித்துட்டுப் போனான். ஆறு மாசம் நான் பொறுப்பு, எழுதியே தரேன். ஒரு ரேசுக்காக ஏன் ஐயா இவ்வளவு சந்தேகப்படறீங்க? தோத்தா தோத்துட்டுப் போங்களேன், பேத்திதானே!

— தோக்கறதா? இந்த ஞாயித்துக்கிழமை நான் தோத்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?

— என்ன ஆகும்?

— அத நான் சொல்றேன் கண்ணு. அந்த வாண்டு பந்தயம் கட்டியிருக்கு. 'தாத்தா, ஞாயித்துக்கிழமை பெரிய ரேசு. நீ தோத்தா எங்க வீட்டுக்கு வரணும். அப்பா பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். நீ ஜெயிச்சா இனிமே வா வான்னு கூப்பிடவே மாட்டேன்.' இவரும் ரோஷமா வாக்குக் குடுத்துட்டாரு. வாக்கு மாற மாட்டாரு, அது ஒண்ணுதான் இவர்கிட்ட உருப்படி.

— பேத்தி வீட்டுக்குப் போறதுக்கு ஏன் ஐயா பயம்?

— பயமா? அந்த ஆளு மூஞ்சியில முழிக்க மாட்டேன். அவ்வளவுதான்.

— அந்த ஆளுன்னா எங்க மாப்பிள்ளை. பொண்ணு மாப்பிள்ளையோட பேசி மூணு வருஷமாச்சு இவரு. நான் மட்டும் தனியா பை தூக்கிட்டுப் போயிட்டு வரேன். ஒவ்வொரு தடவையும் பேத்தி வாசலுக்கு ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாக்கும்.

— அப்படி என்ன பண்ணினாரு மாப்பிள்ளை?

— திருட்டு வேல பண்ணினான். மூணு வருஷம் முன்னாடி வந்தான். 'மாமா, உங்க கம்ப்யூட்டர் நத்தை மாதிரி போகுது, ஒரு கார்டு போட்டுத் தரேன்'னான். காசு குடுத்தேன். எதையோ கொண்டாந்து மாட்டினான். போட்டுக் காட்டினான், பறந்துச்சு. ஊருக்குப் போனான். மறுநாள் பாத்தா, பழைய நத்தை. திறந்து பாத்தா உள்ள ஒரு காத்தாடி! கார்டுக்குக் காச வாங்கிக் காத்தாடிய மாட்டியிருக்கான்!

— இத சொந்தக்காரங்க அத்தன பேர் முன்னாடியும் சொன்னாரும்மா. திருடன்னு. மாப்பிள்ளை எதிர்த்து ஒரு வார்த்த பேசல. மறுநாளே காசத் திருப்பி அனுப்பிட்டாரு.

— அதான் சாட்சி! தப்பு பண்ணாதவன் எதுக்குக் காசத் திருப்பணும்?

— அம்மா, நீங்க யார் கட்சி? ஐயா ஜெயிக்கணும்னா, தோக்கணும்னா?

— நல்லாத் தோக்கணும்! ஆனா பெட்டிய ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணாமா? அதான் வந்தேன்.

— எட்டப்பி... கூடவே இருந்து... சரி, பேசிட்டே நிக்காதே. மூடிய எடு. மெதுவா.

— அம்மாடி! என்ன ஐயா இது, உள்ள பூரா செவப்புப் புள்ளி? அம்மை வாத்த மாதிரி!

— அடையாளம். அன்னிக்கே வச்சேன். எவனாவது பாகத்த மாத்தினா தெரியணும்ல?

— என் நகப்பாலிஷும்மா. முழு பாட்டில். பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்தது, என் விரல் ஒண்ணுகூடப் பாக்கல.

— ஐயா... ஒரு நிமிஷம். இங்க குனிஞ்சு பாருங்க. உங்களுக்குக் கார்டு வேண்டாம்.

— ஏன்? விக்க மாட்டியா? நாங்க வாங்க மாட்டோமுன்னு நினைச்சியா?

— உள்ள ஏற்கெனவே கார்டு இருக்கு.

— எது?

— இதோ, இது.

— அது காத்தாடி.

— காத்தாடிதான். அதுக்கு அடியில பாருங்க. பச்சப் பலகை, இவ்வளவு நீளத்துக்கு. இந்தக் கார்டுங்க சூடாகும், அதான் தலையிலயே காத்தாடியோட வரும். நான் காட்டின நடுத்தரத்த மோந்து பாத்தீங்களே, அதுலயும் ஒண்ணு இருந்துச்சே? இது அதவிட ஒரு படி ஒசத்தி. பவர் சப்ளையும் அப்பவே புதுசா போட்டிருக்காரு. தனி ஒயர் இழுத்து, பொறுமையா ஒவ்வொண்ணையும் கட்டியிருக்காரு. நான்கூட இவ்வளவு சுத்தமா கட்ட மாட்டேன். நீங்க குடுத்த காசு பாதிக்குக்கூடக் காணாது ஐயா.

— ...இவள நம்பாதே. இரு. ஏம்மா, நீ அவனுக்குத் தெரிஞ்சவளா? முன்னாடியே போன் பண்ணிட்டானா உனக்கு?

— அந்தப் புள்ளைக்கு நாம இங்க வந்ததே தெரியாது. உங்களுக்கு மூளை இருக்கா?

— வந்த யாவாரத்த வேணாங்கறாளே, எதுக்கு? அத மட்டும் சொல்லச் சொல்லு.

— நானும் ஒரு கார்ட வித்தா, நாளைக்கு வீட்டுல போய் ரெண்டு காத்தாடிய எண்ணிட்டு என்ன வந்து திருடின்னு சொல்வீங்க. அதுக்கு இது மேல். சரி, ஒண்ணு கேக்கறேன். வீட்டுல மானிட்டர் ஒயர எந்த ஓட்டையில சொருகியிருந்தீங்க?

— மேல. எப்பவும் இருக்கற ஓட்டை. பதினோரு வருஷமா அதுலதான் இருக்கு.

— மாப்பிள்ளை சொருகினது?

— அவன் கீழ ஒரு ஓட்டையில சொருகி வச்சிருந்தான். தப்பா. நான்தான் சரியா மாத்தி... அன்னிக்கே, அவன் பஸ் ஏறினதும், என்னத்த மாட்டினான்னு பாக்கலாம்னு எல்லாத்தையும் கழட்டினேன். புள்ளி வச்சேன். திருப்பி மாட்டறப்ப பழைய ஒயரப் பழைய ஓட்டையில...

— கீழ் ஓட்டைதான் ஐயா கார்டோட ஓட்டை. மேல சொருகினா கார்டு சும்மா உக்காந்திருக்கும். வண்டியில புது இஞ்சின் இருக்கு, நீங்க மூணு வருஷமா எறங்கித் தள்ளிட்டு வந்திருக்கீங்க.

— என்னங்க. இங்க பாருங்க என்ன. அந்தப் புள்ள அன்னிக்குப் போன்ல கேட்டுச்சே, 'மாமா, ஒயர் எங்க சொருகியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க'ன்னு. நீங்க என்ன சொன்னீங்க?

— ...'எனக்கே ஒயர் சொருகக் கத்துக்குடுக்கறியாடா'ன்னேன்.

— சொல்லிட்டுப் போன வச்சீங்க. மூணு வருஷம்!

— வாயால சொன்னா ஆச்சா? ஓட்டிக் காட்டு. என் கண்ணு பாக்கணும். கேம் உள்ளயேதான் இருக்கு.

— இதோ, கடை மானிட்டர்ல போடறேன். ஒயர் கீழ் ஓட்டையில. பாத்துக்குங்க, நல்லாப் பாத்துக்குங்க. ஆச்சு. ஓட்டுங்க.

— இது என்ன... மழை பெய்யுது?

— மழை ரேசு போல இருக்கு ஐயா.

— மழையா இது! நான் இத்தன நாளா மானிட்டர் அழுக்குன்னு தொடச்சுத் தொடச்சு... அடியே, இங்க பாரு, மரத்துல இலை தனித்தனியா இருக்கு! ஜனம் நிக்குது! கொடை பிடிச்சிட்டு நிக்குது பாரு!

— ரோட்டப் பாத்து ஓட்டுங்க!

— ரோடா... தார் நல்லாத்தான் போட்டிருக்கான். ஓரம்தான் சரியா உருட்டல, தண்ணி நிக்குது பாரு. எவன் உருட்டினானோ! ஏய், ஏய், திரும்புது! நான் நினைக்கறப்பவே திரும்புது! தள்ளு, செவப்பு வண்டி, தள்ளு! ஆமையா? யார்றா ஆமை?

— ஐயா, மேஜைய விடுங்க, ஆடுது!

— ஏம்மா, இவர் சிரிச்சு நான் பாத்து வருஷக்கணக்காச்சு. பல்லு இத்தன இருக்கா இவருக்கு?

— தாண்டிட்டேன்! மூணு பேரையும் தாண்டிட்டேன்! பாத்தியா, பாத்தியா? மொதல்ல வந்துட்டேன்! உருட்டிட்டேன்டி அத்தன பேரையும்!

— பாத்தேன், பாத்தேன். கண்ணத் தொடச்சுக்குங்க.

— அது... கடையில தூசி.

— பெட்டிய மூடிடவா ஐயா? காசெல்லாம் வேணாம், ரெண்டு நிமிஷ வேல. வீட்டுல ஒயரக் கீழ சொருகினாப் போதும், ஞாயித்துக்கிழமை பேத்திய நீங்க ஊதித் தள்ளிடலாம்.

— ஆமா. ஜெயிச்சிடுவாரு. பேத்தியும் சொன்ன சொல்லு மாறாது, தாத்தாவ மாதிரியேதான். இனிமே கூப்பிடாது. எட்டியும் பாக்காது.

— ஐயா, அதான் தெரிஞ்சுபோச்சே. நேரா போய் மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா...

— நானா? என்னன்னு சொல்ல? 'ஒயர மாத்தினது நான்தான், திருடன்னு சொன்னதும் நான்தான்'னு வாசல்ல நின்னு சொல்லவா? முப்பது வருஷம் வண்டிய ரிவர்ஸ்ல எடுக்கவே பின்னாடி நின்னு கை காட்ட ஆள் வேணும்னவன் நான், தனியா பின்வாங்கத் தெரியாது. எனக்கு அந்த மாதிரி வார்த்தையெல்லாம் வராது. வந்ததும் இல்ல.

— அப்ப என்னதான் பண்ணப் போறீங்க? இப்படியே ஜெயிச்சிட்டு, ஒத்தையா கப்பத் தூக்கிட்டு ஒக்காந்திருக்கப் போறீங்களா?

— கத்தாதே. கடையில இருக்கோம். ஏம்மா, பொண்ணு, உன்கிட்ட டேப்பு இருக்கா? நல்லா ஒட்டறது?

— இருக்கு ஐயா. எதுக்கு? எங்க ஒட்டணும்?

— அந்தக் கீழ் ஓட்டைய அடைச்சு ஒட்டிடு, ஞாயித்துக்கிழமை ரேசு முடியற வரைக்கும் ஒயர் மேலயே இருக்கட்டும். வேணும்னு விட்டுக்குடுத்தா அந்தப் பொடிசு கண்டுபிடிச்சிடும்மா, நான் நிஜமாவே தோக்கணும்.