இடது ஓரத்துப் புள்ளி

அவள்: இல்லங்க, அந்த மணி மாதிரி கோட்டை இன்னொரு தடவை போடுங்க.

அவன்: திடீர்னு என்ன இந்தப் பாடத்து மேல ஆசை? கணக்குன்னாலே கொட்டாவி விடுவியே!

அவள்: லீவுல சும்மா படுத்துக் கிடந்தா பைத்தியம் பிடிக்குது. உங்க காலேஜ் பசங்களுக்குத்தான் சொல்லித் தருவீங்களா, வாத்தியாரே?

அவன்: சரி, பாரு... நடுவுல மேடு. அதுதான் சராசரி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும்.

அவள்: நீங்க மல்லாந்து படுத்தா உங்க தொப்பை மாதிரி.

அவன்: தொப்பையைப் பத்தி யாரு பேசறது பாரு! எட்டு மாச வயித்தை வச்சுக்கிட்டு...

அவள்: இது பெருசா இருந்தா நல்லதுதானே... ம், மேல சொல்லுங்க.

அவன்: நூறு பேரோட உயரத்தை...

அவள்: உயரம் வேணாம். எடைன்னு வச்சுக்கோங்க.

அவன்: ...எடை. சரி. அறுபத்தெட்டு பேர் நடுவுக்குப் பக்கத்துல, ஒரு விலகல், அதாவது சராசரியிலேருந்து வழக்கமாத் தள்ளி நிக்கற தூரம், அதுக்குள்ள நிப்பாங்க. ரெண்டு விலகலுக்குள்ள தொண்ணூத்தஞ்சு பேர் அடங்கிடுவாங்க.

அவள்: மீதி அஞ்சு?

அவன்: ரெண்டு ஓரத்துலயும் பாதிப் பாதி. எடை கம்மியானவங்க இடது பக்கம்.

அவள்: இடது ஓரத்துல இருக்கறது... தப்பா?

அவன்: தப்பு எங்கேருந்து வந்துச்சு? நடுன்னு ஒண்ணு இருந்தா ஓரமும் இருக்கத்தான் செய்யும். அதை வெட்டிட்டா வளைவே முழுசில்ல.

அவள்: ஆனா அங்க ரொம்பத் தாழ்ந்து போகுதே... தரையைத் தொட்டுடுமோ?

அவன்: தொடாது. எவ்வளவு தூரம் போனாலும்...

அவள்: தொடாதுல்ல?

அவன்: தொடாதும்மா. ஏன் கை இப்படிச் சில்லுனு இருக்கு?

அவள்: ஃபேன் காத்து.

அவன்: ஃபேன் ஓடலயே.

அவள்: அதை விடுங்க, கோட்டைப் பாருங்க.

அவன்: இங்க பாரு. ஓரத்துல இருக்கறதாலயே உடம்பு சரியில்லன்னு அர்த்தமில்ல. எங்க இருக்குன்னுதான் கோடு சொல்லும். வளருதான்னு அடிக்கடி பார்த்துக்கிட்டா போதும்.

அவள்: இது புத்தகத்துல இல்லயே... யார் சொன்னா?

அவன்: பொதுவாச் சொன்னேன்.

அவள்: ஏங்க... போன வாரம் ஸ்கேனுக்குத் தனியாப் போனேன்ல. எல்லாம் நல்லா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னது பொய். பாப்பா ரொம்பச் சின்னதா இருக்காம். டாக்டர் இதே மாதிரி கோடு போட்டு, இடது ஓரத்துல புள்ளி வச்சாங்க. நீங்க உடைஞ்சு போயிடுவீங்களோன்னுதான்...

அவன்: தெரியும்டி. அன்னிக்கு நீ சாப்பிடாம சுவத்தைப் பார்த்துப் படுத்தப்பவே மனசு கேக்கல. மறுநாளே போய் டாக்டரைப் பார்த்துட்டேன். நீயாச் சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு இருந்தேன். அலமாரியில என் சட்டைங்களுக்கு அடியில பாரு... கடையிலயே ரொம்பச் சின்னதா ரெண்டு சட்டை வாங்கி வச்சிருக்கேன். "பொம்மைக்கா சார்?"னு கேட்டாங்க கடைக்காரம்மா. "இல்லம்மா, எங்க பாப்பாவுக்கு"ன்னேன்.