வாத்துக்கு மூன்று தோட்டா

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கவுண்டி மாவட்ட மன்றத் தலைவி திருமதி ஓபல் அவர்களே! நெஞ்சில் நட்சத்திரம் மின்ன முன்வரிசையில் முறுவலிக்கும் நம் காவல் தலைவர், ஷெரிப் டெல்மர் அவர்களே! தாமதமாக வந்தாலும் புகைப்படக்காரரை மறவாமல் அழைத்துவந்த தலைநகரத்துச் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! வாழ்த்துமுன் வழக்கை வரிசைப்படுத்துகிறேன்.

ஒன்று, மார்ச் 4: ஆபத்தானவனின் துப்பாக்கிகளை நீதிபதி ஆணையிட்டு எடுக்கலாம் என்று தலைநகரில் நீலக் கட்சி மாநிலச் சட்டம் இயற்றியது. கையெழுத்திடப் பன்னிரண்டு பேனா. நிறைவேற்ற ஓர் ஆள் இல்லை.

இரண்டு, ஏப்ரல் 11: அந்தச் சட்டம் இந்த மண்ணில் செல்லாது என்று இதே அவையில் சிவப்புக் கட்சி தீர்மானம் போட்டது.

மூன்று, செப்டம்பர் 19: என் தங்கை வெர்னாவை விட்டுப் பிரிந்த கணவன் ராய்ஸ், மடியில் துப்பாக்கியோடு அவள் வாசலெதிரே வண்டியில் மூன்று மணிநேரம் அமர்ந்திருந்தான். நீதிபதி ஆணையிட்டார். ஷெரிப் அதை மேசை இழுப்பறையில் தாலாட்டித் தூங்கவைத்தார்.

சட்டத்தை மதிக்காதவரா நம் ஷெரிப்? அபாண்டம்! சென்ற நவம்பரில் நாணற்புதரில் நாங்களிருவரும் வாத்து வேட்டைக்குக் காத்திருந்தோம். அவர்தான் கேட்டார்:

"யோவ் லைமன், துப்பாக்கியோட தோட்டாக் குழாய்க்குள்ள தடுப்புக் கட்டையச் செருகினியா?"

"மறந்துட்டேன்யா. இங்க யாரு பாக்கப் போறா?"

"கட்டை இல்லேன்னா மூணு தோட்டாவுக்கு மேல உள்ள போகும், அப்புறம் வாத்து எப்படிய்யா தப்பிக்கும்? வாஷிங்டன்ல போட்டாலும் சட்டம் சட்டந்தான். மொதல்ல கட்டையப் போடு!"

போட்டேன். கட்டையில்லாமல் வாத்து சுட்டவர் இந்த அவையில் யாராவது உண்டா? கை தூக்குங்கள்! ஒரு கையும் இல்லை. வாத்தின் உயிர் காக்க வரம்பு வகுத்தால் வணங்குகிறோம். வெர்னாவின் உயிர் காக்க வகுத்தால் வாள் உருவுகிறோம். என் தங்கைக்குச் சிறகு முளைத்தால்தான் சட்டம் காக்குமா?

என்ன சொல்கிறார் கடைசி வரிசை நண்பர்? "அப்போ எங்க துப்பாக்கியையும் புடுங்கிடுவியா?" இல்லை, கிளெம். என் வீட்டில் நான்கு இருக்கின்றன. அவற்றோடு எவள் வாசலிலும் நான் காவல் கிடப்பதில்லை. நீயும்தான்.

ஆற்றின் அக்கரைக் கவுண்டியிலும் இதே மாநிலம், இதே சட்டம். அங்கே ஆணை வந்த அன்றே கதவு தட்டப்படுகிறது. இக்கரையில் கட்சிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, நடுவே என் தங்கை விளக்கணைத்து அமர்ந்திருக்கிறாள்.

ஆகவே, தலைவி அவர்களே, ஷெரிப் அவர்களே, உறுப்பினர் அவர்களே! அக்டோபர் 17, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் மூவரும் கையெழுத்திட்டு எழுத்தில் பதில் தாருங்கள். ஒரே ஒரு பெயர் போதும்: ராய்ஸின் கதவைத் தட்டப்போவது யார்? யாருமில்லை என்றால், "யாருமில்லை" என்றே எழுதுங்கள். வெர்னாவுக்குப் பெட்டி கட்டி ஆற்றைக் கடக்க நேரம் வேண்டும்.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமையைக் கடந்து வாழப்போகும் எல்லோருக்கும் என் வணக்கம்.